கிளின்வார், டிபிஎஸ்என்பி, விஇபி கேஷ் அப்டேட் செய்ததும் ரிசல்ட் மாறுகிறது: சரியான முறை என்ன?

எலகங்கா_எக்ஸோம்

வணக்கம். பெங்களூரில் வாரத்துக்கு 30, 40 எக்ஸோம் (புரதம் உருவாக்கும் ஜீன் பகுதிகளின் டிஎன்ஏ பரிசோதனை) ஓடும் ஒரு சின்ன லேப். ஒப்பிடும் ரெஃபரன்ஸ் ஜீனோம் ஜிஆர்சிஎச்38 (37 அதற்கு முந்தைய பதிப்பு). ஜிஏடிகே மென்பொருள் தரும் விசிஎஃப்பை (சாம்பிளில் கண்ட டிஎன்ஏ மாற்றங்களின், அதாவது வேரியன்ட்களின் பட்டியல் ஃபைல்) விஇபி 105-இல் ஆஃப்லைனாக அனோட்டேட் செய்கிறோம், அதாவது ஒவ்வொரு வேரியன்ட்டின் விளைவையும் குறிக்கிறோம். கேஷும் (விஇபி பயன்படுத்தும் தரவுத் தொகுப்பு) 105-தான். டிபிஎன்எஸ்எஃப்பி (வேரியன்ட்டின் பாதிப்பைக் கணிக்கும் ஸ்கோர்களின் தொகுப்பு) 4.2. கிளின்வாரை (எந்த வேரியன்ட் நோய் உண்டாக்கும் என்ற வகைப்பாடுகளின் பொதுத் தரவுத்தளம்) மட்டும் வாராவாரம், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு க்ரான் ஜாப் இறக்கி, பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடுகிறது. மற்ற எதையும் ரொம்ப நாளாகத் தொடவில்லை.

இப்போது மூன்று சிக்கல்.

ஒன்று, "கான்ஃப்ளிக்டிங்" (லேப்கள் முரணாக வகைப்படுத்திய) வேரியன்ட்களைத் தனியாகப் பிரிக்கும் ஃபில்டரில் ஒன்றுகூட விழுவதில்லை. முன்பு ஒரு சாம்பிளுக்கு நூற்றுக்கணக்கில் விழும்.

இரண்டு, டெஸ்ட் சர்வரில் புது விஇபியைப் போட்டு அதே சாம்பிளை ஓட்டினால், சில ஜீன்களில் சி-டாட் எண்ணே (ட்ரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது ஜீனின் ஆர்என்ஏ வடிவத்தில், வேரியன்ட்டின் இடம்) வேறாக வருகிறது. வேரியன்ட் அதேதான், இடமும் அதேதான்.

மூன்று, புது டிபிஎஸ்என்பி (அறியப்பட்ட வேரியன்ட்களுக்கு ஆர்எஸ் எண் தரும் தரவுத்தளம்) ஃபைலை, விசிஎஃப்பைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸில் கொடுத்தால் ஒரு வேரியன்ட்டுக்குக்கூட ஆர்எஸ் எண் வரவில்லை. எர்ரர் எதுவும் இல்லை, ஜாப் சுத்தமாக முடிகிறது.

எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றணும், ஏற்கெனவே கொடுத்த ரிப்போர்ட்களை என்ன செய்யணும் என்பதும் தெரியணும். சர்வரில் 2 டிபி காலி இருக்கிறது. லைன் 100 எம்பிபிஎஸ்.

டேபிக்ஸ்

மூணுக்கும் காரணம் வேற வேற. ஆனா மூணும் சத்தமில்லாம நடக்கிற தப்பு. அனோட்டேஷனில் எர்ரர் வந்து நிக்கிற தப்பைவிட இதுதான் ஆபத்து.

முதல் சிக்கல். கிளின்வார் 2024-இல் வார்த்தையையே மாத்திட்டாங்க. முன்னாடி "கான்ஃப்ளிக்டிங் இன்டர்ப்ரெடேஷன்ஸ்"னு இருந்தது, இப்ப "கான்ஃப்ளிக்டிங் கிளாசிஃபிகேஷன்ஸ்". உங்க ஃபில்டர் முழுச் சொல்லையும் எழுத்துக்கு எழுத்து தேடுது, அதனாலதான் பூஜ்யம். ரிவ்யூ ஸ்டேட்டஸ் ஃபீல்டுலயும் இதே மாதிரி சொல் மாற்றம் இருக்கு, நட்சத்திரத்தை (வகைப்பாட்டை எவ்வளவு நம்பலாம்ங்கிற அளவு) அதிலிருந்து எண்ணுறீங்கன்னா அதையும் பாருங்க. புதுச் சொல்லைச் சேர்த்தா இன்னைக்குச் சரியாகும், ஆனா அது நிரந்தரத் தீர்வு இல்ல. அந்த ஃபீல்டில் வரக்கூடிய எல்லா மதிப்பையும் ஒரு பட்டியலா வெச்சுக்கோங்க. புது ரிலீஸ் இறங்கினதும் அதிலிருக்கிற தனித்தனி மதிப்புகளை எண்ணி அந்தப் பட்டியலோட ஒப்பிடுங்க. பட்டியலில் இல்லாத ஒரு மதிப்பு வந்தாலும் ஜாப் அங்கேயே நிக்கணும். "பேத்தோஜெனிக், லோ பெனட்ரன்ஸ்" (நோய் உண்டாக்கும், ஆனா எல்லாருக்கும் வெளிப்படாது) மாதிரி புது வகைகளும் இப்படித்தான் யாருக்கும் தெரியாம நழுவும். ஒரே கட்டத்தில் நெடுங்கோடு, சாய்கோடு, காற்புள்ளி எல்லாம் கலந்து வரும், அதனால "பேத்தோஜெனிக்" என்ற சொல்லை உள்ளே எங்காவது தேடுற ஃபில்டரும் கூடாது. "கான்ஃப்ளிக்டிங் கிளாசிஃபிகேஷன்ஸ் ஆஃப் பேத்தோஜெனிசிட்டி"யும் அதில் வந்து விழுந்துடும்.

மூன்றாவது சிக்கல் குரோமோசோம் பெயர். டிபிஎஸ்என்பி பில்டு 151 வரைக்கும் விசிஎஃப்பில் 1, 2, எக்ஸ்னு இருந்தது. 152-லிருந்து ரெஃப்சீக் எண்தான்: முதல் குரோமோசோம் ஜிஆர்சிஎச்38-இல் என்சி_000001.11, ஜிஆர்சிஎச்37-இல் என்சி_000001.10. உங்க விசிஎஃப்பில் "சிஎச்ஆர்1". ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது, பொருந்தாத பெயரை பிசிஎஃப்டூல்ஸ் தப்புன்னு சொல்லாது, "இங்க எதுவும் இல்ல"ன்னு எடுத்துக்கும். இறக்கின ஃபைல் பெயரின் கடைசியில் .40 இருந்தா 38, .25 இருந்தா 37. அதையும் ஒருமுறை பாருங்க.

சரிசெய்ய, இடப்பக்கம் என்சி எண், வலப்பக்கம் சிஎச்ஆர் பெயர்னு ரெண்டு பத்தி உள்ள மேப் ஃபைல் ஒண்ணு போதும். என்சிபிஐ அசெம்பிளி ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கலாம். பிசிஎஃப்டூல்ஸ் அனோட்டேட்டில் "ரீநேம் குரோம்ஸ்" ஆப்ஷனுக்கு அதைக் கொடுங்க, பிறகு திரும்ப பிஜிஜிப், டேபிக்ஸ் இண்டெக்ஸ். மைட்டோகாண்ட்ரியா என்சி_012920.1, அதை விட்டுடாதீங்க.

கிளின்வாருக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கு. அதில் 1, 2, எக்ஸ், எம்டி. முன்னாடி "சிஎச்ஆர்" ஒட்டினா போதும்னு நெனச்சு பலர் ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. அப்ப மைட்டோகாண்ட்ரியா "சிஎச்ஆர்எம்டி" ஆகுது, ரெஃபரன்ஸில் அது "சிஎச்ஆர்எம்". மற்ற எல்லாக் குரோமோசோமும் சரியா இருக்கிறதால யாரும் கவனிக்க மாட்டாங்க, மைட்டோ வேரியன்ட் ஒண்ணுக்குக்கூட கிளின்வார் வராது. மேப் ஃபைல்தான் பாதுகாப்பு.

அதனால எந்த டேட்டாபேஸா இருந்தாலும் மாத்தினதும், குரோமோசோம் வாரியா எத்தனை வேரியன்ட்டுக்கு அனோட்டேஷன் கிடைச்சதுன்னு எண்ணுங்க. ஒரு குரோமோசோமில் பூஜ்யம்னா நிறுத்துங்க.

இரண்டாவது சிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ட். இதுக்குக் கொஞ்சம் விரிவா எழுதணும், ராத்திரி வரேன்.

காவேரிக்கரை

டேபிக்ஸ் சொன்னவை எல்லாம் சரி. நான் ஃபைல்களை வைக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் க்ரான் ஜாப் பழைய ஃபைல் மேலேயே எழுதுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. போன மாதம் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு வேரியன்ட் ஏன் வியுஎஸ் (விளைவு தெரியாத வேரியன்ட்) என்று டாக்டர் கேட்டால், அன்றைய கிளின்வார் உங்களிடம் இல்லை.

டேட்டாபேஸ் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ரிலீஸ் தேதி அல்லது எண்ணில் ஒரு ஃபோல்டர். ஒருமுறை எழுதி முடித்ததும் அந்த ஃபோல்டரை ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். "கரன்ட்" என்று ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) மட்டும் இடம் மாறும்.

புது ஃபைல் நேராக அங்கே போகக் கூடாது. முதலில் ஸ்டேஜிங் ஃபோல்டரில் இறக்கி, எம்டி5 (ஃபைல் பிழையின்றி இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபாருங்கள். எம்டி5 சரியாக இருந்தாலும் ஹெடரைத் திறந்து பார்க்க வேண்டும். கிளின்வார் விசிஎஃப்பின் தலையில் ஃபைல் தேதியும் ரெஃபரன்ஸ் பெயரும் இருக்கும். 37 ஃபோல்டரிலிருந்து இறக்கிய ஃபைலுக்கும் எம்டி5 அழகாகப் பொருந்தும். பிறகு பெயர் மாற்றம், நார்மலைசேஷன் (ஒரே வேரியன்ட்டை எப்போதும் ஒரே வடிவில் எழுதுவது), இண்டெக்ஸ், டெஸ்ட். எல்லாம் தேறினால்தான் சிம்லிங்க் நகரும்.

இதிலும் ஒரு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் சிம்லிங்கை நம்பி இருக்கக் கூடாது. குரோமோசோம் வாரியாகப் பிரித்து ஓட்டும் பைப்லைனில், நடுராத்திரி லிங்க் மாறினால் முதல் ஒன்பது குரோமோசோம் பழைய கிளின்வாரிலும் மீதி புதியதிலும் அனோட்டேட் ஆகும். சேர்த்த பிறகு ஃபைலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஜாப் தொடங்கும்போதே ரீட்லிங்க் போட்டு உண்மையான பாதையை எடுத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். அந்தப் பாதைகளையும் எம்டி5-களையும் சாம்பிளோடு சேர்ந்த ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும் வெர்ஷன் வரியும் அந்த ஃபைலிலிருந்துதான் வர வேண்டும், வேர்ட் டெம்ப்ளேட்டில் கையால் அடித்ததாக இருக்கக் கூடாது.

இடம் போதுமா என்றால், தாராளமாகப் போதும். கிளின்வார் விசிஎஃப் சில நூறு எம்பிக்குள் அடங்கும், மாதத்துக்கு ஒன்று வீதம் பத்து வருடம் வைத்தாலும் பாரமில்லை. விஇபி கேஷ், டிபிஎஸ்என்பி, டிபிஎன்எஸ்எஃப்பி எல்லாம் பத்துக்கணக்கான ஜிபி. 25 ஜிபி ஃபைல் உங்கள் லைனில் முழு வேகம் கிடைத்தால் 35 நிமிடத்தில் இறங்கும். நோமாட்தான் (மக்களிடம் ஒவ்வொரு வேரியன்ட்டும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற தரவுத்தளம்) பெரியது. வெர்ஷன் 4-இல் 7,30,947 எக்ஸோம், 76,215 ஜீனோம். முழு விசிஎஃப் நூற்றுக்கணக்கான ஜிபி. முழுவதையும் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஏசி (வேரியன்ட் கண்ட அலீல் எண்ணிக்கை), ஏஎன் (மொத்த அலீல்), ஏஎஃப் (இவற்றின் விகிதம்), ஹோமோசைகோட் (இரண்டு பிரதியிலும் அதே வேரியன்ட் உள்ளவர்) எண்ணிக்கை, ஜிஆர்பிமேக்ஸ் (மக்கள் குழுக்களில் அதிகபட்ச ஃப்ரீக்வென்சி), தெற்காசிய ஏசி-ஏஎன், ஃபில்டர் பத்தி, இவை போதும். குரோமோசோம் ஒவ்வொன்றாக இறக்கி, மற்ற ஃபீல்டுகளை நீக்கி எழுதி, மூல ஃபைலை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 4.0 வைத்திருந்தால் 4.1-க்கு மாறுங்கள், 4.0-வின் அலீல் நம்பரில் இருந்த பிழையை 2024 ஏப்ரலில் வந்த 4.1-இல் திருத்தினார்கள். விஇபி கேஷுக்குள்ளேயே நோமாட் ஃப்ரீக்வென்சி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதில் ஹோமோசைகோட் எண்ணிக்கை கிடையாது. ரிசசிவ் நோய்க்கு அது இல்லாமல் முடிவெடுக்க முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? கிளின்வாரில் வாராந்திர ஃபைல் இருந்தாலும், மாதத்தின் முதல் வியாழன் வரும் மாதாந்திர ரிலீஸை எடுங்கள். அதைத்தான் அவர்கள் ஆர்கைவில் நிரந்தரமாக வைக்கிறார்கள், ஆடிட்டில் காட்ட அதுதான் வசதி. எச்பிஓ (நோய் அறிகுறிகளின் பட்டியல்), ஓஎம்ஐஎம் (ஜீன்-நோய்த் தொடர்புகளின் பட்டியல்) மாதம் ஒருமுறை. விஇபியும் கேஷும் வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு. நோமாட், டிபிஎன்எஸ்எஃப்பி புது ரிலீஸ் வரும்போது. டிபிஎஸ்என்பி கடைசி, ஆர்எஸ் எண்ணை வைத்து யாரும் டயக்னோசிஸ் எழுதுவதில்லை.

லேப் கம்பெனியாகப் பதிவானது என்றால் லைசென்ஸையும் பாருங்கள். டிபிஎன்எஸ்எஃப்பியின் "ஏ" ஃபைல் ஆராய்ச்சிக்கு மட்டும். வணிகப் பயன்பாட்டுக்கு உள்ள "சி" ஃபைலில் சிஏடிடி மாதிரி சில ஸ்கோர்கள் இருக்காது. "சி"க்கு மாறினால் அந்தப் பத்திகள் காலியாகும், ஃபில்டர் அதை "ஸ்கோர் குறைவு" என்று படித்துவிடக் கூடாது.

டேபிக்ஸ்

ட்ரான்ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வரேன். நீங்க விஇபியில் "பிக்" போட்டு ஓட்டுறீங்கன்னு நினைக்கிறேன். அது ஒரு வேரியன்ட்டுக்கு ஒரே ஒரு ட்ரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துட்டு மத்ததையெல்லாம் வீசிடும். எதை எடுக்கணும்னு உள்ளே ஒரு வரிசை இருக்கு, புது வெர்ஷன்களில் மேன் செலக்ட்தான் அதில் முதல். வரிசை மாறினாலும், கேஷில் ட்ரான்ஸ்கிரிப்ட் மாறினாலும் சி-டாட் எண் மாறும். "பிக்"குக்குப் பதிலா "ஃப்ளாக் பிக்" போடுங்க, எல்லா ட்ரான்ஸ்கிரிப்ட்டும் வரும், தேர்ந்தெடுத்ததில் ஒரு குறி மட்டும் இருக்கும். தேர்வை உங்க ஸ்க்ரிப்ட்டில் நீங்களே செய்யுங்க: முதலில் மேன் செலக்ட், கூடவே மேன் பிளஸ் கிளினிக்கல் இருந்தா அதுவும்.

மேன் என்பது என்சிபிஐ, என்செம்பிள்ங்கிற ரெண்டு ஜீன் தரவு அமைப்பும் சேர்ந்து ஜீனுக்கு ஒண்ணுன்னு தேர்ந்தெடுத்த ட்ரான்ஸ்கிரிப்ட், ரெண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கும். ஜிஆர்சிஎச்38-க்கு மட்டும்தான் உண்டு. நீங்க 38-இல் இருக்கிறது நல்லது, 37-இல் என்செம்பிளின் ஜீன் செட் 2014-இல் வந்த ரிலீஸ் 75-ஓட உறைஞ்சு போச்சு.

பிளஸ் கிளினிக்கலை ஏன் விடக் கூடாதுன்னா சிடிகேஎன்2ஏ-வைப் பாருங்க. அதன் இரண்டாவது எக்ஸானை பி16, பி14ஏஆர்எஃப் ரெண்டு புரதமும் பகிர்ந்துக்குது, ஆனா படிக்கிற சட்டம் வேற. ஒரே எழுத்து மாற்றம் ஒண்ணில் அமினோ அமிலத்தை மாத்தலாம், இன்னொண்ணில் மாத்தாம இருக்கலாம். ஒரு வரியை மட்டும் வெச்சா பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

வெர்ஷன் எண்ணையும் வெட்டாதீங்க. பிஆர்சிஏ2-க்கு என்எம்_000059.4-னு முழுசா எழுதுங்க. புள்ளிக்குப் பின்னாடி உள்ள எண் மாறினா சீக்வென்ஸ் மாறியிருக்குன்னு அர்த்தம். விஇபி மென்பொருள் எண்ணும் கேஷ் எண்ணும் எப்பவும் ஒண்ணாவே இருக்கணும், ஒண்ணை மட்டும் ஏத்தாதீங்க.

காவேரிக்கரை சொன்ன நார்மலைசேஷனுக்கு ஒரு உதாரணம். சிஎஃப்டிஆரின் எஃப்508டெல் எல்லாருக்கும் தெரிஞ்ச டெலீஷன். எச்ஜிவிஎஸ் பெயரிடும் முறையில் சி.1521_1523டெல். விசிஎஃப்பில் இடப்பக்கம் ஒதுக்கி எழுதினா ஏழாவது குரோமோசோம், 117559590, ஏடிசிடி என்பது ஏ ஆகுது. அதையே 117559591, டிசிடிடி என்பது டி ஆகுதுன்னும் எழுதலாம், மூணு எழுத்து நீங்கின பிறகு மிஞ்சுற டிஎன்ஏ ரெண்டிலும் ஒண்ணுதான். கிளின்வாரில் இருக்கிறது முதல் வடிவம். உங்க ஃபைலில் இரண்டாவது வடிவம் இருந்தா, உலகத்திலேயே பிரபலமான பேத்தோஜெனிக் வேரியன்ட் கிளின்வார் குறி இல்லாம போயிடும். சாம்பிளையும் டேட்டாபேஸையும் ஒரே ரெஃபரன்ஸ் ஃபாஸ்டாவை வெச்சு பிசிஎஃப்டூல்ஸ் நார்மில் ஓட்டுங்க, ஒரே இடத்தில் பல மாற்றம் உள்ள மல்ட்டி அலீலைப் பிரிக்கிறதும் அதே வரியில். விஇபியில் கஸ்டம் ஃபைலா கிளின்வாரைக் கொடுக்கும்போது வகை "எக்ஸாக்ட்"னு இருக்கணும். "ஓவர்லேப்"னு விட்டா, அதே இடத்தில் இருக்கிற வேற அலீலின் குறி உங்க வேரியன்ட்டில் ஒட்டிக்கும்.

ஜெனிட்டிக்ஸ்_உமா

பழைய ரிப்போர்ட் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் வந்தேன்.

முதலில் ஒரு மாற்றுக் கருத்து. பைப்லைனுக்கு மாதாந்திரக் கிளின்வார் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு, ரிப்போர்ட்டில் போகும் நாலைந்து வேரியன்ட்டை மட்டும் கிளின்வார் தளத்திலேயே பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கேஸுக்கு ஐந்து நிமிடம். நடுவில் எக்ஸ்பர்ட் பேனல் ஒரு வேரியன்ட்டைத் தரம் மாற்றியிருந்தால், நோயாளிக்குப் போன மாதத்து உண்மையைக் கொடுப்பது சரியில்லை.

பழைய சாம்பிள்களை மாதாமாதம் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை. எல்லாச் சாம்பிளின் வேரியன்ட்களையும் நார்மலைஸ் செய்து, குரோமோசோம், இடம், ரெஃப், ஆல்ட், சாம்பிள் எண் என்று ஒரே டேபிளில் போட்டு வையுங்கள். புதுக் கிளின்வார் வந்ததும் பழைய ரிலீஸோடு வேரியேஷன் ஐடியை வைத்து ஒப்பிடுங்கள். விசிஎஃப்பின் ஐடி பத்தியில் இருப்பது அதுதான். மாறியவற்றை மட்டும் டேபிளோடு சேர்த்தால் சில நிமிடத்தில் பட்டியல் வரும். அதிலும் எல்லாவற்றையும் பார்க்க நேரமிருக்காது. நான் பார்க்கச் சொல்வது: வியுஎஸ் அல்லது கான்ஃப்ளிக்டிங்கிலிருந்து பேத்தோஜெனிக், லைக்லி பேத்தோஜெனிக் பக்கம் போனவை, நீங்கள் பேத்தோஜெனிக் என்று எழுதிக் கொடுத்து இப்போது கீழே இறங்கியவை, மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ ஏறியவை. இரண்டாவது வகையை முதலில் எடுங்கள். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு குடும்பம் கர்ப்பகாலப் பரிசோதனைக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். புது ரிலீஸில் காணாமல் போன ஐடிகளைத் தனியாக வையுங்கள், அவை வேறு ஐடியோடு இணைக்கப்பட்டிருக்கலாம். கிளின்வார் விசிஎஃப்பில் சின்ன வேரியன்ட்கள் மட்டுமே உண்டு, பெரிய சிஎன்வி (டிஎன்ஏ துண்டுகள் கூடுவது, குறைவது) அதில் வராது. சிஎன்வி ரிப்போர்ட் கொடுத்திருந்தால் எக்ஸ்எம்எல் அல்லது டேப் ஃபைலைத்தான் பார்க்க வேண்டும்.

ஜீன் பட்டியல்களும் டேட்டாபேஸ்தான், அவற்றை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பான ஏசிஎம்ஜியின் செகண்டரி ஃபைண்டிங்ஸ் (பரிசோதனையின் காரணத்துக்கு வெளியே தெரிவிக்க வேண்டிய ஜீன்கள்) பட்டியல் 2021-இல் 73 ஜீன், 2022-இல் 78, 2023-இல் 81, 2025-இல் 84. பேனல் பட்டியலை (ஒரு நோய்க்குப் பார்க்க வேண்டிய ஜீன்கள்) ஜீன் பெயரால் வைக்காதீர்கள், எச்ஜிஎன்சி (ஜீன்களுக்கு அதிகாரபூர்வப் பெயரிடும் குழு) ஐடியால் வையுங்கள். எம்எல்எல்2 என்ற பழைய பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கபுகி சிண்ட்ரோமின் கேஎம்டி2டி-க்கும் அந்தப் பெயர் இருந்தது, டிஸ்டோனியாவின் கேஎம்டி2பி-யையும் சில கட்டுரைகள் அதே பெயரால் குறித்தன. பெயரை வைத்துத் தேடினால் தவறான ஜீனுக்குப் போய்ச் சேருவீர்கள். எக்ஸெலில் திறந்து சேமித்த பட்டியலில் எஸ்இபிடி1 செப்டம்பர் 1 ஆகிவிடும், அதற்காகவே அந்த ஜீன் பெயரை எஸ்இபிடிஐஎன்1 என்று மாற்றினார்கள். உங்கள் கேஷ் புதியது, பேனல் பழையது என்றால் அந்த ஜீன் பேனலிலிருந்து நழுவிவிடும்.

நம் மக்களின் ஃப்ரீக்வென்சிக்கு நோமாட்டின் தெற்காசியப் பத்தி மட்டும் போதாது. டெல்லி ஐஜிஐபி ஆய்வு நிறுவனத்தின் இண்டிஜென் 1029 ஜீனோமைச் சேருங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: 1029 பேர் என்றால் 2058 அலீல், ஒரே ஒருமுறை கண்டாலே 0.0005. அதில் இல்லை என்பதை வைத்து "மிக அரிது" என்று சொல்ல முடியாது. ஜீனோம் இந்தியாவின் 10,000 ஜீனோம் தரவு ஃபரீதாபாத்தில் உள்ள ஐபிடிசி தரவு மையத்தில் இருக்கிறது, தனிநபர் அளவிலான தரவுக்கு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

எலகங்கா_எக்ஸோம்

ரொம்ப நன்றி. கிளின்வார் பட்டியலைச் சேர்த்ததும் கான்ஃப்ளிக்டிங் எண்ணிக்கை திரும்ப வந்துவிட்டது. டேபிக்ஸ் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன், மைட்டோவில் உண்மையாகவே பூஜ்யம். மேப் ஃபைல் போட்டுவிட்டேன். விஇபி 105-லிருந்து இப்போதைய வெர்ஷனுக்கு, டிபிஎன்எஸ்எஃப்பி, நோமாட் எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றிவிடலாமா? டெஸ்ட்டுக்கு, வேரியன்ட்கள் ஏற்கெனவே தெரிந்த தரநிலைச் சாம்பிளான எச்ஜி002 போதுமா?

காவேரிக்கரை

ஒரே நாளில் வேண்டாம். ரிசல்ட் மாறினால் எதனால் மாறியது என்று பிரிக்க முடியாது. முதலில் விஇபியும் கேஷும் சேர்ந்து, இவை இரண்டும் ஒரே அலகு. முடிந்த பத்து சாம்பிளை பழையதிலும் புதியதிலும் ஓட்டி, கடைசியாக ஃபில்டர் தாண்டி வரும் பட்டியலை ஒப்பிடுங்கள். முழு விசிஎஃப்பை டிஃப் எடுத்தால் லட்சக்கணக்கில் வரி வரும், பயனில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும், காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுத முடிந்த பிறகு நோமாட். அதன் பிறகு டிபிஎன்எஸ்எஃப்பி, அதன் ப்ளக்இன் ஃபைலும் விஇபி எண்ணுக்குப் பொருத்தமாக மாற வேண்டும்.

எச்ஜி002 வேரியன்ட் காலிங்கை அளக்க நல்லது, அனோட்டேஷனுக்கு அது உதவாது. கையால் ஒரு சின்ன விசிஎஃப் செய்யுங்கள், 50 வேரியன்ட் போதும். எஃப்508டெல்லை இரண்டு வடிவத்திலும் போடுங்கள். மைனஸ் இழைக்கு பிஆர்சிஏ1 சி.68_69டெல். சிடிகேஎன்2ஏ இரண்டாவது எக்ஸானில் ஒன்று. தெற்காசியர்களில் சுமார் 4% பேரிடம் இருக்கும் எம்ஒய்பிபிசி3-யின் 25 எழுத்து இன்ட்ரான் டெலீஷன், இதற்கு ஃப்ரீக்வென்சி வரவில்லை என்றால் உங்கள் இண்டெல் பொருத்தம் கெட்டிருக்கிறது என்று உடனே தெரியும். ஒரு மைட்டோ, எக்ஸில் ஒன்று, ஒரு ஸ்ப்ளைஸ், மூன்று அலீல் உள்ள ஒரு இடம். எதிர்பார்க்கும் விடையைப் பக்கத்தில் ஒரு பத்தியில் எழுதி, சிம்லிங்க் நகர்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் இது தேற வேண்டும் என்று க்ரானிலேயே கட்டிவிடுங்கள்.

ஜெனிட்டிக்ஸ்_உமா

அந்த 50-இல் உங்கள் லேபிலேயே தரம் மாறிய வேரியன்ட்கள் நாலைந்தையும் சேருங்கள். மைட்டோவில் பூஜ்யம் என்று சொன்னீர்களே, அந்தக் க்ரான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கொடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்களில் மைட்டோ சந்தேகம் என்று அனுப்பப்பட்டவற்றை இந்த வாரமே எடுத்துத் திரும்பப் பாருங்கள். எக்ஸோம் கிட்டில் மைட்டோ ப்ரோப் இல்லாவிட்டாலும் சில ரீட்கள் விழுந்திருக்கும், ஆனால் டெப்த் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.